மேட்ரிக்ஸில் பூட்டிய குழு: முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களின் புகார்களைத் தொகுக்கும் சின்னக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். மொத்தம் பதினோரு பேர். ஈரோட்டில் நான்கு பேர், திண்டுக்கல்லில் மூன்று பேர், மதுரையில் ஒரு வழக்கறிஞர், மீதிப் பேர் சென்னையில். ஒரு பெண் தன் பெயரையும் ஆலையின் பெயரையும் சொல்லி, மேற்பார்வையாளர் என்ன செய்தார் என்று எங்களிடம் சொல்கிறார். அந்தச் செய்தி வேறு யார் கண்ணிலாவது பட்டால் முதலில் போவது அவருடைய வேலை. எங்கள் பேச்சை மேட்ரிக்ஸ் என்ற செய்தி வலைக்கு மாற்றியதற்குக் காரணம் இதுதான். அப்போது என்னென்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டு மாட்டிக்கொண்டோம் என்பதை, இதே வேலையைத் தொடங்கப்போகும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் எழுதுகிறேன். கணினி அறிவு அதிகம் வேண்டாம். ஒரு மாலைப் பொழுது, ஒரு பேனா, கொஞ்சம் கெட்டியான தாள் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறையாக்கம் என்பது உரியவர் மட்டும் படிக்கும்படி செய்தியைப் பூட்டி அனுப்புவது. அந்தப் பூட்டின் கணக்கே உடைந்து ஒரு குழுவின் செய்தி வெளியே போனதை நான் பார்த்ததில்லை. சாவியைத் தொலைத்துவிட்டுத் தன் செய்தியைத் தானே படிக்க முடியாமல் தவித்தவரைப் பார்த்திருக்கிறேன். மறந்துபோன பழைய கணினி ஒன்றுக்கு எங்கள் சாவிகள் எல்லாம் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் சாவியைப் பற்றித்தான் இருக்கும்.

எதற்காக மேட்ரிக்ஸ்?

வாட்ஸ்அப்பிலும் செய்திகள் மறையாக்கம் ஆகித்தான் போகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கு தொலைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது, சர்வர் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். மேட்ரிக்ஸ் அப்படியல்ல. அது 2014இல் வெளிவந்த ஒரு திறந்த நெறிமுறை, அதாவது சர்வர்களும் செயலிகளும் பேசிக்கொள்வதற்கான விதிகள்; மின்னஞ்சலைப் போன்றது. ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு அஞ்சல் போடலாம் அல்லவா? அதேபோல இங்கே ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த சர்வரில் கணக்கு வைத்துக்கொள்ளலாம்; சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பிரான்ஸ் அரசு 2019இல் தன் ஊழியர்களுக்குக் கொடுத்த ட்சாப் செயலியும், ஜெர்மன் ராணுவம் பயன்படுத்தும் பிடபிள்யூ மெசஞ்சரும் இதன் மேல் கட்டப்பட்டவைதான்.

2025 செப்டம்பர் 2 அன்று மேட்ரிக்ஸ்.ஆர்க் என்ற மிகப்பெரிய பொது சர்வரின் தரவுத்தளம் பழுதாகி, ஏறத்தாழ ஒரு நாள் முடங்கிக் கிடந்தது. அதில் கணக்கு வைத்திருந்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேறு சர்வர்களில் இருந்தவர்கள் தங்களுக்குள் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். பரவலாக்கம் என்ற சொல்லின் பொருள் அன்றைக்குப் பலருக்கும் புரிந்திருக்கும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. உங்கள் குழுவில் ஐந்து சர்வர்களைச் சேர்ந்த ஆட்கள் இருந்தால், குழுவில் நடக்கும் பேச்சின் பிரதி ஐந்து சர்வர்களிலும் இருக்கும். அந்த ஐந்தையும் நடத்துபவர்கள் யார், எவ்வளவு கவனமானவர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பூட்டு இல்லாமல் இந்த வலையில் பேசுவது, ஐந்து அலுவலகங்களில் கோப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போவதுபோல.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 மே மாதத்தில் ஒன்றிய அரசு ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி 14 செய்திச் செயலிகளை முடக்கியது. மேட்ரிக்ஸின் முக்கியச் செயலியான எலிமெண்ட் அந்தப் பட்டியலில் இருந்தது, பிரையர் என்ற வேறொரு செயலியும் இருந்தது. மேட்ரிக்ஸ் என்பது ஒரே ஒரு செயலி அல்ல. ஃப்ளஃபிசாட், சின்னி, நெக்கோ என்று பல செயலிகள் அதே வலையில் பேசுகின்றன. தொடங்கும் முன்பே குழுவில் யாருக்கு எந்தச் செயலி கிடைக்கிறது, அதை வைத்திருப்பதில் அவருக்குச் சிக்கல் ஏதும் வருமா என்று பேசி முடிவு செய்யுங்கள்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமலும் மேட்ரிக்ஸைப் பயன்படுத்தலாம். ஆனால் பின்னால் ஏதாவது திறக்காமல் போகும்போது ஏன் என்று புரியாது. ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருவர் பேசும்போது பூட்டுவது எளிது. இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சாவி போதும். பதினோரு பேர், ஆளுக்கு ஒரு போன், ஒரு கணினி என்றால் 22 கருவிகள். ஒவ்வொரு செய்தியையும் மற்ற 21 கருவிகளுக்கும் தனித்தனியாகப் பூட்டி அனுப்பினால் போனும் தாங்காது, நெட்டும் தாங்காது. அதற்கு மேட்ரிக்ஸ் இரண்டு அடுக்குகளை வைத்திருக்கிறது. ஓல்ம் என்பது கருவிக்கும் கருவிக்கும் நடுவே உள்ள தனிப் பாதை. மெகோல்ம் என்பது குழுவுக்கான பூட்டு. என் போன் குழுவில் முதல் செய்தியை அனுப்பும் முன் ஒரு மெகோல்ம் சாவியை உண்டாக்குகிறது. அந்தச் சாவியை ஓல்ம் வழியாக 21 கருவிகளுக்கும் தனித்தனியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதற்குப் பிறகு செய்தியை ஒரே ஒரு முறை பூட்டினால் போதும். எல்லோரிடமும் திறக்க வழி இருக்கிறது. இதேபோல ஒவ்வொரு கருவியும் தான் அனுப்பும் செய்திக்குத் தன் சொந்தச் சாவியை உண்டாக்கும். குழுவுக்கென்று ஒரே பொதுச் சாவி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அந்தச் சாவியும் அப்படியே நிற்பதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பல் முன்னே நகர்கிறது. சைக்கிளின் ஃப்ரீவீலை நினைத்துப் பாருங்கள். பெடலை முன்னால் மிதித்தால் சக்கரம் போகும், பின்னால் மிதித்தால் டிக் டிக் என்று சத்தம்தான் வரும். பத்தாவது செய்தியின்போது சாவி கையில் கிடைத்தவர் பதினொன்று, பன்னிரண்டு என்று முன்னே போகலாம். ஒன்பதுக்குத் திரும்ப முடியாது. குழுவில் புதிதாகச் சேர்பவருக்குப் பழைய பேச்சு பொதுவாகத் திறக்காமல் இருப்பதன் அடிப்படை இது.

சரி, முன்னே போகலாம் என்றால், ஒருமுறை சாவியைத் திருடியவர் கடைசி வரை படித்துக்கொண்டே இருப்பாரே? அதற்காகத்தான் சாவி அவ்வப்போது முழுதாக மாற்றப்படுகிறது. இயல்பான அமைப்பில் 100 செய்திகள் ஆனதும், அல்லது ஒரு வாரம் ஆனதும், எது முன்னால் வருகிறதோ அப்போது, புதுச் சாவி வரும். ஒருவர் குழுவை விட்டுப் போனாலும் புதுச் சாவிதான். ஆகவே யாரையாவது நீக்க வேண்டுமென்றால் தள்ளிப்போடாதீர்கள். நீக்கிய பின் அனுப்பும் அடுத்த செய்தியே அவரிடம் இல்லாத சாவியால் பூட்டப்பட்டுவிடும்.

படி 1: கணக்கு

போனில் எலிமெண்ட் எக்ஸ், கணினியில் எலிமெண்ட் டெஸ்க்டாப். பிரவுசரிலும் திறக்கலாம், ஆனால் குழு வேலைக்கு நான் அதை வேண்டாம் என்பேன். பிரவுசரின் சேமிப்பை யாராவது துடைத்துவிட்டால் அந்தக் கருவியின் சாவிகளும் சேர்ந்து போய்விடும். இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தால் மூடும்போதே போய்விடும்.

கணக்கின் பெயர் ஒரு @ குறியில் தொடங்கும், பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த பெயர், அப்புறம் ஒரு முக்காற்புள்ளி, கடைசியில் சர்வரின் பெயர். இதைப் பிறகு மாற்ற முடியாது. தொலைபேசி எண்ணையோ பிறந்த ஆண்டையோ பெயரில் சேர்க்காதீர்கள். சர்வரைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் நம்பகமான ஒரு பொது சர்வர் போதும். குழுவில் எல்லோரும் ஒரே சர்வரில் இருக்க வேண்டாம், இரண்டு மூன்றாகப் பிரிந்திருப்பது நல்லது. சொந்தமாக சர்வர் நடத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். சினாப்ஸ் என்ற மென்பொருளை நிறுவினால் நடத்தலாம். ஆனால் பேக்கப், பாதுகாப்புத் திருத்தங்கள், டொமைன் புதுப்பிப்பு என்று அது ஒரு முழு வேலை. ஆறு மாதம் பழகிவிட்டு யோசியுங்கள்.

படி 2: மீட்புச் சாவி, தாளில்

கணக்கு தொடங்கியதும் செயலி உங்களுக்கு ஒரு மீட்புச் சாவியைக் கொடுக்கும், அல்லது உருவாக்கச் சொல்லும். நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரிந்த 48 எழுத்துகள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்து இருக்கும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தாண்டிப் போக எல்லோருக்கும் தோன்றும். தாண்டாதீர்கள்.

பாஸ்வேர்டும் இதுவும் ஒன்றல்ல. பாஸ்வேர்டு சர்வரிடம் நீங்கள் யார் என்று காட்டுவதற்கு. உங்கள் செய்திகளைத் திறக்கும் சாவிகளின் பேக்கப்பும் சர்வரில்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் பூட்டித்தான் இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறப்பது இந்த 48 எழுத்துகள். சர்வரை நடத்துபவரிடம் இது கிடையாது. பாஸ்வேர்டை மறந்தால் மாற்றிக்கொள்ளலாம். இதைத் தொலைத்துவிட்டு, லாகின் செய்த கருவி ஒன்றும் கையில் இல்லை என்றால், உங்களுக்குத் திறந்து தர உலகத்தில் ஆள் இல்லை.

எங்கள் குழுவின் தோழி ஒருவர் இந்தச் சாவியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனிலேயே வைத்திருந்தார். போனின் சார்ஜ் போடும் இடம் பழுதாகி ஒரு கடையில் கொடுத்தார். மாலையில் போன் பளபளப்பாகத் திரும்பி வந்தது, உள்ளே ஒன்றுமே இல்லாமல். கேட்காமலேயே ரீசெட் செய்துவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டும் போயிற்று, செயலியும் போயிற்று, கணினியில் அவர் லாகின் செய்ததே இல்லை. நான்கு ஆலைகளிலிருந்து பெண்கள் அவரிடம் தனிப்பட்ட முறையில் சொன்ன இரண்டு மாதப் பேச்சு பூட்டிய நிலையில் சர்வரில் இருந்தது. அவர் திரையிலும் வரிவரியாகத் தெரிந்தது. ஒவ்வொரு வரியிலும் ‘இந்தச் செய்தியைத் திறக்க முடியவில்லை’ என்று மட்டும். அந்தப் பெண்களிடம் மறுபடி போய், ‘இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டியிருந்தது. ஒருமுறை சொல்வதே அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். அதில் ஒருவர் இரண்டாம் முறை சொல்ல மறுத்துவிட்டார்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ்.ஆர்க் சர்வருக்குள் ஊடுருவல் நடந்தபோது, பாதுகாப்புக்காக எல்லோரையும் ஒரே நேரத்தில் லாக்அவுட் செய்ய வேண்டியிருந்தது. சாவிகளை முன்பே பேக்கப் எடுத்து வைக்காதவர்கள் தங்கள் பழைய மறையாக்கப் பேச்சை இழந்தார்கள்.

ஆகவே தாளை எடுங்கள். 48 எழுத்துகளையும் பேனாவால் எழுதுங்கள். சின்ன எழுத்து எது, பெரிய எழுத்து எது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். நான் பெரிய எழுத்துகளுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்வேன். எழுதிய பின் இன்னொரு கருவியில் லாகின் செய்து, அந்தத் தாளைப் பார்த்தே சாவியைத் தட்டச்சு செய்து பாருங்கள். பழைய செய்திகள் திறந்தால்தான் தாள் சரி. இந்தச் சோதனையைச் செய்யாத தாளை நம்பாதீர்கள். எங்கள் பதினோரு பேரில் இரண்டு பேர் முதல் முறை தவறாக எழுதியிருந்தோம். பிறகு ஆதார் அட்டை, நிலப் பத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள். பாஸ்வேர்டு மேலாளர் செயலி பழக்கமானவர்கள் அதிலும் ஒரு பிரதி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைக்காதீர்கள்.

படி 3: அறையைத் திறப்பது

மேட்ரிக்ஸில் குழுவை அறை என்பார்கள். புதிய அறை தொடங்கும்போது தனிப்பட்டது என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2020 மே மாதம் முதல் எலிமெண்டில் தனிப்பட்ட அறைகளுக்கு மறையாக்கம் தானாகவே இயங்குகிறது. இருந்தாலும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை பூட்டிய அறையில் மறையாக்கத்தை நிறுத்த முடியாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், அது நல்லதுதான்.

யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்து வைக்கும் அறைக்குப் பூட்டு வேண்டாம். கதவு திறந்திருக்கும் வீட்டில் பீரோவைப் பூட்டி, சாவியை வருபவர்களுக்கெல்லாம் கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

அமைப்புகளில் மூன்று இடங்களை மட்டும் தொட்டால் போதும். பழைய பேச்சை யார் பார்க்கலாம் என்பதில் ‘சேர்ந்த நேரத்திலிருந்து’ என்று வையுங்கள். ஆளை அழைக்கும் உரிமையை எல்லோருக்கும் விடாமல் பொறுப்பாளர்களுக்கு மட்டும் கொடுங்கள். மேட்ரிக்ஸில் அதிகாரம் எண்ணால் குறிக்கப்படும், சாதாரண உறுப்பினருக்கு 0, நெறியாளருக்கு 50, நிர்வாகிக்கு 100. அப்புறம், நிர்வாகி இரண்டு பேராவது இருக்கட்டும், அதுவும் வெவ்வேறு சர்வரில். ஒரே நிர்வாகி கணக்கைத் தொலைத்துவிட்டால் அந்த அறையில் புதிய நிர்வாகியை நியமிக்கக்கூட முடியாமல் போகும்.

படி 4: ஆளைச் சரிபார்ப்பது

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான்.

உங்கள் போன் சாவியை 21 கருவிகளுக்குக் கொடுக்கிறது என்றேன். அந்த 21 எவை என்று போனுக்கு யார் சொல்கிறார்கள்? சர்வர்தான். இவருக்கு இந்தக் கருவிகள் இருக்கின்றன, இந்த அறையில் இவர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சர்வர்தான் தருகிறது. சர்வர் பொய் சொன்னால், அல்லது சர்வருக்குள் நுழைந்த ஒருவர் பொய் சொல்லவைத்தால், இருபத்திரண்டாவது கருவி ஒன்று பட்டியலில் ஏறலாம். உங்கள் போன் அதற்கும் சாவியைக் கொடுத்துவிடும். பூட்டு உடையாது, சாவிதான் கைமாறியிருக்கும். 2022 செப்டம்பரில் லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மேட்ரிக்ஸில் இருந்த பல ஓட்டைகளை வெளியிட்டார்கள். அதில் இந்த வகைப் பிரச்சினையும் உண்டு. செயலிகளில் இருந்த பிழைகள் திருத்தப்பட்டன. ஆனாலும் உறுப்பினர் பட்டியல் சர்வர் வழியாகத்தான் வருகிறது என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

இதற்கு மாற்று, சர்வரைக் கேட்காமல் ஆளையே கேட்பது. எலிமெண்டில் ஒருவரின் பெயரைத் தொட்டுச் சரிபார்ப்பைத் தொடங்கினால் இருவர் திரையிலும் ஏழு படங்கள் வரும். மொத்தம் 64 படங்கள் கொண்ட தொகுப்பிலிருந்து வரும் ஏழு. யானை, குடை, ரயில், பூட்டு, மணி, நங்கூரம் என்று எல்லாம் எளிய படங்கள். இரண்டு திரையிலும் அதே ஏழு அதே வரிசையில் வந்தால் நடுவில் யாரும் இல்லை. நடுவில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு தற்செயலாக ஏழும் பொருந்த வேண்டுமென்றால் அதற்கான வாய்ப்பு நான்கு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

நேரில் செய்வது சிறந்தது. முடியாவிட்டால் குரல் தெரிந்தவரோடு போனில் பேசிச் செய்யுங்கள். திண்டுக்கல் அக்காவோடு நான் செய்தது இப்படித்தான். அவருக்கு 58 வயது.

‘அக்கா, முதல் படம் என்ன வந்திருக்கு?’

‘யானை.’

‘சரி. அடுத்தது நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்.’

‘குடை. அப்புறம் வாழைப்பழம். அதுக்கப்புறம்… சிலந்தி மாதிரி ஒண்ணு இருக்குப்பா.’

என் திரையில் நான்காவதாக இருந்தது எண்காலி. சிலந்தி அந்தத் தொகுப்பிலேயே இல்லை. ‘அக்கா, அது என்ன நிறம், எத்தனை கால்?’ என்று கேட்டேன். ‘தலை உருண்டையா பெருசா இருக்கு, கால் எல்லாம் கீழே சுருண்டிருக்கு, கடல்ல இருக்குமே’ என்றார். பொருந்தியது. மீதி மூன்றும் பொருந்தின. இருவரும் ‘பொருந்துகிறது’ என்பதைத் தொட்டோம், அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம் வந்தது.

இதில் இரண்டு விஷயம் கவனித்திருப்பீர்கள். நீங்கள் முதலில் சொல்லி, எதிரில் இருப்பவர் ‘ஆமாம் ஆமாம்’ என்று தலையாட்டவிடக் கூடாது. அவர் சொல்ல வேண்டும், நீங்கள் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, படங்களைப் பற்றி அதே மேட்ரிக்ஸ் உரையாடலில் எழுத்தில் கேட்காதீர்கள். நடுவில் ஒருவர் இருந்தால் அந்தப் பதிலையும் அவரே எழுதிவிடுவார்.

ஒருவரை ஒருமுறை சரிபார்த்தால் போதும். அவர் தன் புதிய போனையோ கணினியையோ தானே சரிபார்த்துக் கையெழுத்திட்டுக்கொள்வார். உங்களுக்கு அதுவும் நம்பகமானதாகத் தெரியும். ஆனால் ஒருவரின் அடையாளம் மாறிவிட்டது என்று செயலி எச்சரித்தால் உடனே போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் மீட்புச் சாவியைத் தொலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பார். கேட்டு, மறுபடி ஏழு படங்களைப் பார்த்த பிறகே பேச்சைத் தொடருங்கள்.

பதினோரு பேரும் ஒவ்வொருவரையும் சரிபார்ப்பது என்றால் 55 ஜோடிகள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் கூடி, டீ குடித்துக்கொண்டே முடித்தோம். அன்றைக்கு எல்லோரும் தத்தம் கருவிப் பட்டியலையும் திறந்து பார்த்தோம். அப்போதுதான் அந்தப் பழைய கணினி அகப்பட்டது. தோழர் ஒருவர் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தின் பிரவுசரில் லாகின் செய்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். அந்த வேலையை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த மேசையில் இப்போது யார் உட்காருகிறார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அங்கேயே நீக்கினோம். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் கருவிப் பட்டியலைப் பார்ப்பது என்று வழக்கமாகிவிட்டது.

எல்லோரையும் சரிபார்த்து முடித்த பின், சரிபார்க்காதவர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டாம் என்ற அமைப்பை அந்த அறையில் இயக்குங்கள். முடிக்கும் முன் இயக்கினால் பாதிப் பேருக்குச் செய்தி போகாது.

பூட்டுக்கு வெளியே இருப்பவை

செய்தியின் உள்ளடக்கம், படம், கோப்பு இவை பூட்டுக்குள் இருக்கின்றன. அறையின் பெயர், அறையைப் பற்றிய குறிப்பு, அறையின் படம், உறுப்பினர் பட்டியல், யார் எப்போது அனுப்பினார் என்பவை பொதுவாகப் பூட்டுக்கு வெளியே, சர்வர்களுக்குத் தெரியும்படி இருக்கின்றன. நாங்கள் முதலில் ஓர் ஆலையின் பெயரையே அறைக்கு வைத்துவிட்டோம். அன்றே மாற்றினோம், ஆனால் பழைய பெயரும் அறையின் வரலாற்றில் தங்கிவிட்டது. அந்த அறையைக் கைவிட்டு ‘புத்தக வாசிப்பு’ என்று புதிதாகத் தொடங்கினோம்.

செய்திக்குப் போடும் கட்டைவிரலும் இதயமும்கூடப் பூட்டப்படுவதில்லை. எந்தச் செய்திக்கு யார் என்ன போட்டார் என்று சர்வருக்குத் தெரியும். முக்கியமான முடிவுக்கு ஒப்புதல் கேட்கும்போது ‘சரி’ என்று எழுதச் சொல்லுங்கள்.

இணைப்புகளுக்கு முன்னோட்டப் படம் காட்டும் வசதி பூட்டிய அறைகளில் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும். முன்னோட்டம் தயாரிக்க அந்த இணைப்பைச் சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் காரணம். அழகாக இருக்கிறதே என்று அதை இயக்காதீர்கள். அதேபோல மேட்ரிக்ஸ் அறையை வாட்ஸ்அப்போடும் டெலிகிராமோடும் இணைக்கும் பாலங்கள் இருக்கின்றன. பாலம் ஓடும் சர்வரில் செய்தி திறக்கப்பட்டு மறுபடி அனுப்பப்படுகிறது. இப்படிப்பட்ட குழுவுக்குப் பாலம் வேண்டவே வேண்டாம்.

அழிப்பதைப் பற்றி: நீங்கள் ஒரு செய்தியை நீக்கினால் மற்ற சர்வர்களுக்கும் நீக்கச் சொல்லிக் கோரிக்கை போகும். ஒழுங்காக நடக்கும் சர்வர்கள் நீக்கும். கட்டாயப்படுத்த வழியில்லை.

‘திறக்க முடியவில்லை’ என்று வந்தால்

பதறாதீர்கள். சில நொடி அல்லது சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். செய்தி முன்னால் வந்து சாவி பின்னால் வருவது உண்டு. ஒருவருடைய செய்திகள் மட்டும் திறக்கவில்லை என்றால், ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி என்று சொன்னேனே, அவருடைய போனிலிருந்து உங்கள் கருவிக்குச் சாவி வரவில்லை என்று பொருள். அவரைச் செயலியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சேரும் முன் அனுப்பியவை திறக்காவிட்டால் அது பிழையல்ல. எல்லாப் பழைய செய்திகளும் ஒரேயடியாகத் திறக்கவில்லை என்றால் அந்தக் கருவியில் மீட்புச் சாவியை இன்னும் கொடுக்கவில்லை, தாளை எடுங்கள்.

எந்த நிலையிலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சரியாகட்டும் என்று செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது, லாக்அவுட் செய்துவிட்டு லாகின் செய்வது. மற்ற செயலிகளில் இது கைகண்ட வைத்தியம். இங்கே, கையில் இருந்த சாவியையும் தூக்கி எறிவது.

வேறு வலைகள்

மேட்ரிக்ஸ் உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் மாற்று உண்டு. எக்ஸ்எம்பிபி வலையில் ஓமெமோ என்ற மறையாக்கம் இருக்கிறது. கான்வர்சேஷன்ஸ் செயலியில் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் குழு உறுப்பினர்களுக்கு மட்டுமானதாகவும் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். டெல்டா சாட் மின்னஞ்சலையே பாதையாக எடுத்துக்கொள்கிறது. க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து ஆளைச் சேர்ப்பதால் வயதானவர்களுக்கு எளிது. பிரையர், யார் யாரோடு பேசுகிறார் என்பதை மறைக்கும் டார் வலை வழியாகவும், இணையம் இல்லாத இடத்தில் புளூடூத், வைஃபை வழியாகவும் பேசும். குழு மறையாக்கத்துக்கென்றே எம்எல்எஸ் என்ற புதிய தரநிலை 2023 ஜூலையில் வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் உள்ள குழுவிலும் சாவியை மாற்றுவது அதில் எளிது. ஆனால் யார் எந்த வரிசையில் சேர்ந்தார், போனார் என்பதில் எல்லோருக்கும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். நடுவில் ஒரே சர்வர் இருந்தால் அது எளிது. பல சர்வர்கள் உள்ள வலையில் அந்த வரிசையை யார் முடிவு செய்வது என்பதுதான் மேட்ரிக்ஸ்காரர்கள் உழைத்துக்கொண்டிருக்கும் கேள்வி.

போன் தொலைந்த அன்று

இதைத் தனித்தாளில் எழுதி, மீட்புச் சாவித் தாளோடு சேர்த்து வையுங்கள். பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது.

முதலில் குழுவில் யாராவது ஒருவருக்குப் போன் செய்து, ‘என் போன் போய்விட்டது, என் பெயரில் வரும் எதையும் நம்பாதீர்கள்’ என்று சொல்லுங்கள். அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். குழுவில் அதுவரை புதிதாக எதையும் எழுத வேண்டாம். அடுத்து, உங்கள் கணினியில் எலிமெண்டைத் திறந்து, கருவிப் பட்டியலில் அந்தப் போனை நீக்குங்கள். கணினி இல்லையென்றால் நம்பகமான ஒருவரின் கருவியில் லாகின் செய்து நீக்கிவிட்டு, பிறகு அதிலிருந்து லாக்அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். நீக்கியதும் மற்றவர்களின் செயலிகள் புதுச் சாவிக்கு மாறிக்கொள்ளும். அதன் பின் வருபவை அந்தப் போனில் திறக்காது. ஏற்கெனவே அதற்குள் இருப்பவற்றைக் காப்பது போனின் திரைப்பூட்டு மட்டும்தான். ஆகவே நான்கு இலக்க எண் வைத்திருப்பவர்கள் இன்றே ஆறு இலக்கத்துக்கு மாற்றுங்கள். அன்று மாலையே, அந்தப் போனில் எந்தெந்தப் பெண்களின் பெயர்கள் இருந்தன என்று உட்கார்ந்து எழுதி, ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.